220 என்ன தேவவாக்கா?

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் போன வாரம் என் பெரியப்பாவை ஓர் உடற்பயிற்சியாளர் நிறுத்தி, "சார், ஹார்ட் ரேட் 92தான் காட்டுது. 110 வரலேன்னா நடந்து பிரயோஜனமே இல்லை" என்று சொல்லிவிட்டார். 62 வயது மனிதர், அடுத்த சுற்றில் மூச்சிரைக்க ஓடத் தொடங்கிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அப்போதும் வாட்ச் 101தான் காட்டியது.

எப்படி ஏறும்? ரத்த அழுத்தத்துக்காகப் பெரியப்பா தினமும் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். இதயத்தை வேகமாக அடிக்க விடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. மாத்திரை ஒருபக்கம் இழுக்க, வாட்ச் மறுபக்கம் விரட்ட, நடுவில் கிடந்து தவித்தது அவருடைய உயிர். "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று அந்தப் பயிற்சியாளர் கேட்கவே இல்லை.

அந்த 110, இதயத்தின் உச்சத் துடிப்பில் ஒரு பங்கு. இத்தனைக்கும் காரணம், அந்த உச்சத்தைக் கண்டுபிடிக்க 220இலிருந்து வயதைக் கழி என்கிற கணக்கு. ஜிம் சுவரில் அதுதான், டிரெட்மில்லில் அதுதான், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளின் எண்களைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன தோராயம் அது. 2001இல் டனாகா குழுவினர் 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். அதுவும் சராசரிதான். ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பில் 20 வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம். பெரியப்பாவைப் போல மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ இரண்டு கணக்குமே பொருந்தாது.

வாட்சாவது சரியாக அளக்கிறதா? தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைக் கணிக்கிற கருவி அது. பட்டை தளர்ந்தால் தப்பும். சில நேரம் கை வீச்சையே துடிப்பென்று எண்ணிவிடும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்தால், அதே வேகத்துக்கே துடிப்பு எகிறும். அதைப் பார்த்து 'இன்றைக்கு நல்ல பயிற்சி' என்று பூரிப்பது அறியாமை. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் போதும். இதற்குப் பைசா செலவில்லை. மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவருக்கும் இது பொருந்தும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ, வாட்ச் எந்த எண்ணைக் காட்டினாலும் நின்றுவிட வேண்டும்.

ஆனால் பைசா செலவில்லாததை யார் விற்பார்கள்? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாட்ச் வாங்குகிறோம். வீட்டு வாசலில் நடக்க இடம் கேட்பதில்லை. எங்கள் தெரு பிளாட்பாரத்தில் பாதி டிரான்ஸ்பார்மர், மீதி பைக். முழங்கால் வலியோடு அதில் ஏறி இறங்க முடியாமல் பெரியம்மா நடப்பதையே விட்டுவிட்டார். அவருக்கு எந்த எண்ணிலிருந்து எதைக் கழிப்பது?