எந்திரப் பாவை செய்தல் வெட்டி வேலையா?

நுழையும்முன்

பயன் முடிந்ததென எறியப்பட்ட பொருள், பார்க்கத் தெரிந்த கண்ணுக்கும் செய்யத் தெரிந்த கைக்கும் மூலப்பொருள் ஆகிறது. உலோகத் துண்டுகளை இணைத்து எந்திர மனிதப் பாவைகளை உருவாக்குவதும் அவற்றைத் தொகுத்து வைப்பதும் உலகின் பல நாடுகளில் வளர்ந்துள்ள பொழுதுபோக்காகும். ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து மாணவருக்கு அப்பொழுதுபோக்கு எதனைத் தரவல்லது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

காடும் ஆலையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கர்நாடக எல்லையை அடுத்த மலைக்காடுகளுக்கு நடுவே அமைந்துள்ளது அஞ்செட்டி. கேழ்வரகு விளையும் மேட்டு நிலங்களும் யானைகள் நடமாடும் காடுகளும் சூழ்ந்த ஊர் இது. இங்கிருந்து வடக்கே தேன்கனிக்கோட்டையைக் கடந்து சென்றால் முற்றிலும் வேறான ஓர் உலகம் எதிர்ப்படுகிறது. அதுவே ஓசூர்த் தொழிற்பகுதி. 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் சரக்குந்து ஆலை ஓசூரில் தொடங்கப்பட்டது. இருவர் ஏறிச் செல்லத்தக்க 'டி.வி.எஸ். 50' என்னும் சிறு வண்டி அதே ஆண்டில் அவ்வூரிலிருந்து வெளிவந்து நாடெங்கும் ஓடியது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம், கைக்கடிகாரத் தொழிலை அங்கே நிலைபெறச் செய்தது.

ஆலைகள் பெருகிய இடத்தில் பழைய இரும்பும் பெருகும். சாலையோரக் காயலான் கடைகளில் தேய்ந்த பற்சக்கரம், அறுந்த சைக்கிள் சங்கிலி, கரியேறிய ஸ்பார்க் பிளக், ஓடி முடிந்த பேரிங், முறுக்கிழந்த சுருள்வில் ஆகியன குவிந்து கிடக்கின்றன. கடைக்காரர் அவற்றை எடை போட்டு விற்கிறார். அவை உருக்காலைக்குச் சென்று மீண்டும் இரும்பாகின்றன. இடையில் அவற்றைத் தடுத்து நிறுத்தி, ஒரு பேரிங்கைத் தலையாகவும் இரு மரைகளைக் கண்களாகவும் சங்கிலித் துண்டுகளைக் கைகால்களாகவும் காணும் கண் ஒன்று இருக்குமானால், அங்கே ஓர் எந்திரப் பாவை பிறக்கிறது.

இவ்வாறு பாவை செய்து கொண்டிருக்கும் மாணவரைப் பார்த்துப் பெரியவர்கள் பலர் சொல்லும் சொல் 'வெட்டி வேலை' என்பதாகும். அச்சொல் பொருத்தமானதுதானா என்பதே இங்கு எழும் வினா.

இரண்டு சொற்கள்

'ரோபோ' என்னும் சொல்லின் பிறப்பு நோக்கத்தக்கது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றில் மனிதருக்காக உழைக்கும் செயற்கை மாந்தரைப் படைத்தார். அவர்களுக்கு என்ன பெயரிடுவது என்று அவர் தயங்கியபோது, அவருடைய தமையனார் யோசெப் எடுத்துக் கொடுத்த சொல்லே உலகெங்கும் பரவியது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நிலக்கிழாருக்குக் குடிகள் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய வேலை.

இதற்கு நிகரான சொல் தமிழிலும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் 'வெட்டி' என்னும் சொல் கூலியற்ற கட்டாய உழைப்பைக் குறிக்கிறது. ஆக, ரோபோ என்பதும் வெட்டி என்பதும் பொருளால் ஒன்றுக்கொன்று உறவுடையவை. பிறர் ஏவ, தனக்கென விருப்பம் ஏதுமின்றி உழைக்கும் நிலையையே இரண்டும் சுட்டுகின்றன.

பாவை செய்யும் மாணவரோ எவருடைய ஏவலுக்கும் உட்பட்டு அதனைச் செய்யவில்லை. எதைச் செய்வது, எந்தத் துண்டை எங்கே பொருத்துவது, எப்போது நிறுத்துவது என்னும் முடிவுகள் யாவும் அவருடையவை. பிழை நேர்ந்தால் பிரித்து மீண்டும் பூட்டுபவரும் அவரே. ஏவலுக்கென்றே பெயர் பெற்ற எந்திரத்தின் உருவத்தை ஏவலற்ற கை ஒன்று விரும்பிச் செய்கிறது. ஆகவே கல்வெட்டு குறிக்கும் வெட்டிக்கு நேர் எதிரானது இவ்வேலை எனலாம்.

இரும்போடு கொண்ட உறவு

உலோகத்தைக் கையாளும் அறிவு இம்மாவட்டத்து மண்ணுக்குப் புதிதன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு, இங்கு இரும்பின் பயன்பாடு கி.மு. 2172ஆம் ஆண்டளவிலேயே இருந்ததைக் காட்டியது. 2022ஆம் ஆண்டு மே மாதம் இம்முடிவு தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் இப்பகுதி மாந்தர் இரும்பைக் கையிலெடுத்துப் பழகியிருந்தனர். இன்று இங்குள்ள இளைஞர் பலரும் ஆலைகளில் இரும்போடுதான் பழகுகின்றனர். ஆயினும் பழக்கத்தின் இயல்பு மாறிவிட்டது. நீண்ட தொடர்வரிசையில் நிற்பவருக்கு ஒரு திருகாணியை முடுக்குவது மட்டுமே வேலையாக அமையலாம். முழுப்பொருள் எவ்வாறு உருவாகிறது என்பதை அவர் தம் கையால் அறிவதில்லை. பாவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்பவர் அந்த முழுமையை அறிகிறார்.

போர் முடிந்த ஜப்பானில் நிகழ்ந்ததொன்று இங்கு எண்ணத்தக்கது. 1945ஆம் ஆண்டின் இறுதியில், உலோகத் தட்டுப்பாடு நிலவிய வேளையில், ஓட்சு நகரத்துப் பொம்மைத் தொழிலாளர் கொசுகே மட்சுசோ, அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த உணவுத் தகர டப்பாக்களைக் கொண்டு சிறு ஜீப் பொம்மைகளைச் செய்து விற்றார். தகரப் பொம்மைத் தொழில் அந்நாட்டில் மீண்டும் தழைத்தது. 1950களில் சாவி கொடுத்தால் நடக்கும் தகர ரோபோக்கள் ஜப்பானிலிருந்து கப்பலேறிப் பல நாட்டுக் குழந்தைகளின் கைகளை அடைந்தன. காலப்போக்கில் நெகிழிப் பொம்மைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எவரும் பொருட்படுத்தாத அத்தகரப் பொம்மைகளைத் தேடித் திரட்டிய கிதஹாரா தெருஹிசா, 1986இல் யோகோஹாமா நகரில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவினார். செய்தவர் ஒருவர், காத்தவர் ஒருவர். இருவருமின்றி அவ்வரலாறு இன்று நமக்குக் கிட்டியிராது.

தெரிந்து தெளிவோம்

தானே இயங்கும் பாவையைப் பற்றிய கற்பனை மிகப் பழைமையானது. மதுரைக் கோட்டை மதிலில் அமைந்திருந்த பல்வகைப் பொறிகளைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. சீவக சிந்தாமணியில் அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் செல்கிறாள். கி.பி. 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட போச மன்னரின் பெயரால் வழங்கும் 'சமராங்கண சூத்திரதாரம்' என்னும் வடமொழி நூல், எந்திரங்களுக்கென ஓர் இயலையே கொண்டுள்ளது.

பாவை கற்பிக்கும் பாடம்

ஓர் எந்திரப் பாவை நிற்க வேண்டுமாயின் அதன் எடை மையம் பாதங்களுக்கு உட்பட்ட பரப்பின் மேல் அமைய வேண்டும். தலையில் கனமான பற்சக்கரத்தை வைத்துவிட்டுக் காலுக்கு மெல்லிய கம்பியைக் கொடுத்தால் பாவை கவிழ்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஏன் விழாமல் நிமிர்கிறது என்பதும் அப்போது விளங்குகிறது. காந்தத்தில் ஒட்டும் துண்டு எது, ஒட்டாத துண்டு எது என்று பிரிக்கையில் உலோகங்களின் இயல்பு தெளிவாகிறது. இரும்பு 1538 பாகை செல்சியசிலும் அலுமினியம் 660 பாகை செல்சியசிலும் உருகும் என்பது பாடநூலில் வெறும் எண். அவ்விரண்டையும் பட்டறையில் ஒன்றாகப் பற்றவைக்க முடியாது, திருகாணியோ ரிவிட்டோ கொண்டுதான் இணைக்க வேண்டும் என்று அறிகையில் அவ்வெண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது. சைக்கிள் சங்கிலியின் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் இருக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் சைக்கிள்களிலும் இவ்வளவு மாறாதிருப்பதை அளந்து காண்பவர், அளவுப் பொதுமை தொழில் உலகை எவ்வாறு இணைக்கிறது என்பதையும் உணர்கிறார்.

பிரித்துப் பார்த்துக் கற்றவர்களுக்குத் தமிழகத்தில் முன்னோடி ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பை இடையில் விட்ட அவர், உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டியே எந்திரவியலைக் கற்றார். மற்றொருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, சரக்குந்து செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் அவர். மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்து சிற்றூர்க் குழந்தைகளோடு பழகியபோது, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயையும் கொண்டு வடிவியல் உருவங்களைச் செய்து காட்டினார். எறிபொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்நாள் பணியாக்கிக் கொண்ட அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சரக்குந்து ஆலைக்கும் குழந்தையின் பொம்மைக்கும் இடையே ஒரு பாதை உண்டு என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

தொகுத்தலும் குவித்தலும்

அயல்நாட்டு நிறுவனங்கள் உலோகப் பாவைகளுக்கான பகுதிகளைப் பெட்டியில் அடைத்து அதிக விலைக்கு விற்கின்றன. குறிப்பேடு காட்டியபடி பொருத்தினால் பாவை அழகாக அமைகிறது. அதில் தவறில்லை, பொறுமையும் விரல் நுட்பமும் அங்கும் வளர்கின்றன. எனினும், அங்கே முடிவுகள் யாவும் வேறொருவரால் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டன. மேலும், பணம் உள்ளவருக்கே அப்பொழுதுபோக்கு உரியதாகிறது. காயலான் கடைத் துண்டுகளுக்கு அவ்வேறுபாடு இல்லை.

வாங்கி வாங்கி அடுக்குவது குவித்தல். அறிந்து அடுக்குவதே தொகுத்தல். ஒவ்வொரு துண்டும் எந்த எந்திரத்தின் உறுப்பு, அங்கு என்ன பணி செய்தது, எந்த உலோகத்தால் ஆனது, எப்போது எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்தால், அந்தப் பெட்டி ஓர் ஊரின் தொழில் வரலாறாகிறது. பழுதான ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் உறுப்பு வேளாண்மையின் கதையைச் சொல்லும். நின்றுபோன கடிகாரத்தின் சக்கரம் ஓசூரின் கதையைச் சொல்லும்.

மறுப்புகளும் விடைகளும்

பொதுத்தேர்வை நோக்கிப் பயிலும் மாணவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது பெற்றோரின் கவலை. அது புறந்தள்ளத்தக்கதன்று. மலைச்சிற்றூரிலிருந்து நெடுந்தொலைவு வந்து படிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணே அக்குடும்பத்தின் நம்பிக்கை. ஆயினும், வாரத்தில் ஒரு மணி நேரம் கையால் செய்து அறிந்தது, இயற்பியல் பாடத்தைப் படிக்கும் பல மணி நேரத்துக்குத் துணை நிற்கும். கைத்தொழிலின் வழியே கல்வி என்னும் கருத்தைக் காந்தியடிகள் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைத்ததும் இதுபற்றியே.

எந்திரக் கைகளே பற்றவைப்பையும் வண்ணப்பூச்சையும் செய்யும் காலத்தில் மனிதக் கைக்குப் பயிற்சி எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. ஏவியதை மட்டும் செய்யும் கையின் இடத்தைத்தான் எந்திரம் எளிதில் பிடித்துக்கொள்கிறது. எதைச் செய்யலாம் என்று எண்ணும் கையின் தேவை குறைவதில்லை. தொழிற்பகுதியின் நுழைவாயிலில் வாழும் மாணவருக்கு இவ்வேறுபாடு வாழ்வாதாரம் பற்றியது.

மூன்றாவது மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆயினும் அதுவே ஆழமானது. பழைய இரும்பைத் தொடுவது இழிவு என்னும் எண்ணமே அது. பற்றவைப்பவரையும் பழுது பார்ப்பவரையும் காயலான் கடைக்காரரையும் தாழ்வாகக் கருதும் சமுதாயம், அவர்கள் உழைப்பின் பயனை மட்டும் மறுப்பதில்லை. வகுப்பில் பாவை செய்யும் வேளை வந்தால் நிலை மாறும். பட்டறைக்காரரின் மகள் உலோகத்தை ஓசையால் இனங்காண்பாள். முதல் மதிப்பெண் பெறும் மாணவர் அவளிடம் கேட்டுக் கற்பார். கைக்கடிகார ஆலைகளிலும் மின்னணு ஆலைகளிலும் பெண்கள் நுண்பணி செய்துவரும் காலத்தில், குறடும் அரமும் ஆண்பிள்ளைகளுக்கே உரியவை என்னும் எண்ணமும் அங்கே உதிரும்.

செய்ய வேண்டுவன

இப்பொழுதுபோக்கில் கவனமும் தேவை. வெட்டிய தகரத்தின் விளிம்பு கூர்மையானது. கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் இன்றியமையாதவை. ஈயமும் அமிலமும் உள்ள பழைய மின்கலங்கள், அழுத்தமேற்றிய உருளைகள், குளிர்பெட்டியின் அமுக்கி ஆகியவற்றைத் திறத்தல் கூடாது. துத்தநாகம் பூசிய தகரத்தைச் சுட்டால் எழும் புகை தீங்கானது. பற்றவைப்பைப் பயிற்சி பெற்ற பெரியவரிடமே விட வேண்டும். மாணவருக்குத் திருகாணி, கம்பி, ரிவிட் ஆகிய இணைப்புகளே போதும். உரியவரைக் கேட்டுப் பெற்ற பொருளே பாவைக்கு உறுப்பாக வேண்டும் என்னும் நேர்மையும் இத்தொழிலின் முதல் விதியாகும்.

2019இல் தில்லியில் ஏறத்தாழ 150 டன் பழைய உலோகத்தைக் கொண்டு உலக அதிசயங்கள் ஏழின் மாதிரிகள் ஒரு பூங்காவில் அமைக்கப்பட்டன. பள்ளிக்கு அத்துணைப் பெருமுயற்சி வேண்டியதில்லை. ஓர் உறுதியான மேசை, சில குறடுகள், இரண்டு அரங்கள், ஒரு காந்தம், ஓர் அளவுகோல், வாரத்தில் ஒரு மணி நேரம், அருகிலுள்ள பட்டறைக்காரர் ஒருவரின் துணை ஆகியன போதுமானவை. பட்டறைக்காரரை அவ்வேளையில் ஆசிரியராகவே மதித்து அழைத்தல் வேண்டும்.

அஞ்செட்டியின் மாணவர்களுள் பலர் நாளை ஓசூரின் ஆலைகளுக்குள் நுழைவர். ஏவலுக்குக் காத்திருக்கும் கையோடு நுழைவதா, எண்ணிச் செய்யப் பழகிய கையோடு நுழைவதா என்பது பள்ளியிலேயே பெரிதும் முடிவாகிறது. காயலான் கடைத் துண்டுகளால் ஆன ஒரு சாண் உயரப் பாவை அம்முடிவுக்குத் துணை செய்யுமானால், அதனை வெட்டி வேலை என்பது தகாது.