பார்த்தா அப்படித் தெரியலையே!

நம் வீட்டுப் பெண்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ போன சில வாரங்களில் ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிடுவார்கள். "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே!" சொல்கிறவர் பெரும்பாலும் நட்பாகத்தான் சொல்கிறார், பாராட்டுவதாகவே நினைத்துக்கொள்கிறார். நம் பெண்ணும் சில நேரம் சிரித்து வைக்கிறாள். அந்த "அப்படி" என்பதற்குள் என்ன இருக்கிறது? கறுப்புத் தோல், அகன்ற மூக்கு, எண்ணெய் காணாத தலை, வெடித்த பாதம். இவை இல்லாததால் நீ அழகு என்கிறார். அதாவது எங்கள் அம்மாவைப் போல இல்லாததால் அழகு.

மகளிர் தினம் வந்தால் போதும், "பெண்ணழகு: அன்றும் இன்றும்" என்று ஒரு பட்டிமன்றம், ஒரு பத்திரிகைக் கட்டுரை. கோயில் சிற்பத்தின் கொடியிடையில் தொடங்குவார்கள். ரவிவர்மா ஓவியத்தின் பூசினாற்போன்ற உடம்பு, கறுப்பு வெள்ளைப் படங்களின் பெரிய கண், 1994இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் வாங்கிய பட்டங்கள், பிறகு சைஸ் ஜீரோ, இப்போது "டஸ்கி". ஏதோ புடவை பார்டர் மாறுவதுபோல் அழகும் தானாக மாறிக்கொண்டே வந்ததாம். எனக்கு இந்தக் கதையில் ஒரு சந்தேகம். இதில் வரும் எந்தப் பெண்ணும் நாற்று நட்டவள் இல்லையே?

மாறியது உண்மைதான். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம். கருமை கலந்த, மினுமினுப்பான நிறம். அவளை மாயோள் என்றே அழைக்கிறார்கள். பிரிவால் அவள் வெளிறிப்போனால் அது பசலை. வெளுப்பது நோய், கறுப்பு ஆரோக்கியம். அதே "மா" இன்று "மாநிறம்" என்று மணமகள் தேவை விளம்பரத்தில் நிற்கிறது, கறுப்பு என்று சொல்லக் கூசுகிறவர்களுக்கான இடைக்காலச் சமாதானமாக. சங்க காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. இழிசினன், புலைத்தி என்ற சொற்களும் அந்தப் பாடல்களில்தான் இருக்கின்றன. ஆனால் "தமிழர் என்றைக்கும் சிவப்பைத்தான் விரும்பினார்கள்" என்று யாராவது சொன்னால், அது பொய் என்று சொல்ல இது போதும்.

எங்கள் காரைக்கால் பக்கம் இந்தப் பேச்சு வந்தால் அடுத்து அம்மையாரைக் கொண்டுவருவார்கள். ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனி இறைக்கும் ஊர் அல்லவா. வணிகர் வீட்டுப் புனிதவதி, கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று கேட்டுப் பேயுருவம் பெற்றார். ஆணுக்கான உடலைத் தூக்கியெறிந்த முதல் பெண் என்று என் தோழிகள் எழுதுகிறார்கள். அதில் உண்மை உண்டு, எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவரது செப்புத் திருமேனியைப் பாருங்கள். விலா எலும்பு எண்ணலாம், மார்பு வற்றியிருக்கிறது, கன்னம் ஒட்டியிருக்கிறது. டெல்டாவில் பஞ்ச காலத்துப் பண்ணையாள் பெண்ணின் உடல் அது. அவளுக்கு அந்த உடலை எந்தக் கடவுளிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. அதே பெரியபுராணத்தில் நந்தனாருக்கு நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். அவர் தீயில் இறங்கி, பூணூலும் சடையுமாக முனிவர் உருவில் எழ வேண்டியிருந்தது. வணிகர் வீட்டுப் பெண் அழகைத் துறந்தால் பக்தி. நம் ஆளோ தன் உடலையே எரித்தால்தான் கோயிலுக்குள் போகலாம்.

துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும், தோழர்களே. நம் பெண்களுக்கு அழகு மறுக்கப்பட்டது உவமையாக அல்ல, பட்டியல் போட்டு.

இந்தக் கடற்கரையோரமாகவே தெற்கே போனால் ராமநாதபுரம். 1930 டிசம்பரில் அங்கே கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. (ஆங்கிலப் பதிவில் "சாஃப்ரன்" என்று இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நம் மஞ்சளையும் அப்படித்தான் எழுதினார்கள்.)

அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றானது. தண்ணீர் எடுக்க மண்பானைதான், பித்தளையோ செம்போ ஆகாது. தலையில் சும்மாடு வைக்கத் துணி கூடாது, வைக்கோல்தான். பிள்ளைகள் படிக்கக் கூடாது. மிராசுதாருக்கு அடிமை வேலை செய்ய வேண்டும். மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது.

ஒரு முழம் மல்லிகையை யோசித்துப் பாருங்கள். அதை ஒரு பெண் தலையில் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பட்டியல் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. பூ வைத்தவளைத் தூரத்தில் பார்த்தால் எந்தத் தெருக்காரி என்று தெரியாது. பார்த்தாலே தெரிய வேண்டும், தெரிந்தால்தான் யாரை விலக்குவது, யாரைத் தொட்டு இழுப்பது என்று முடிவு செய்ய முடியும். திருவிதாங்கூரிலும் இதே கணக்குதான். சாணார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிவாங்கிப் போராடிய பிறகு 1859இல் மார்பை மூட அனுமதி வந்தது, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக, வம்பு மானத்தைப் பற்றியது இல்லை. அடையாளம் அழிந்துவிடக் கூடாது என்பதுதான்.

இதற்கு வெள்ளைக்காரன் விஞ்ஞானமும் தைத்துக் கொடுத்தான். 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக் கூடச் சமூகத் தகுதி குறையும் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் அளவுகோலோடு இங்குள்ளவர்களின் மூக்கையும் தலையையும் அளந்தார். எம்.ஏ. வகுப்பில் கூர்யே நடத்தினார்கள். அதே கூர்யேயின் மூக்கு அளவுகளை எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற கதையை அம்பேத்கர் 1948இல் உடைத்தார் என்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். "எடுப்பான மூக்கு", "லட்சணமான முகம்" என்று பெண் பார்க்கப் போகும் வீட்டில் பேசும்போதெல்லாம் எனக்கு ரிஸ்லி ஞாபகம் வருகிறார்.

கருவறையில் அம்மன் கருங்கல், காலண்டரில் ரோஸ் நிறம். 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் புண்ணியம், பிறகு சிவகாசியின் புண்ணியம். சினிமாவைப் பற்றி நீங்களே நிறையப் பேசுகிறீர்கள், ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2007இல் வந்த "சிவாஜி" படத்தில் இரண்டு பெண்களுக்கு முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, அவர்களைப் பார்த்துக் கதாநாயகன் வீட்டார் பதறுவதை நகைச்சுவை ஆக்கினார்கள். அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி மகளிர்! மாமையைக் கொண்டாடிய காலத்துப் பெயரை எடுத்து, கறுப்பைக் கேலி செய்யப் பயன்படுத்தினார்கள். தியேட்டரில் சிரித்தவர்களில் நம் ஆட்களும் உண்டு.

தடை போனது. அதன் இடத்தில் விற்பனை வந்தது. 1975இல் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, கிரீம் பூசினால் வேலை என்ற அதன் விளம்பரங்களை எதிர்த்து ஜனநாயக மாதர் சங்கம் போராடியது, 2003 வாக்கில் சிலவற்றை நிறுத்த வேண்டிவந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்த 2020இல் "ஃபேர்" போய் "க்ளோ" ஆனது. டியூப் அதே டியூப்.

ஆனால் விழிதியூரில் என்னைத் தூங்கவிடாதது அந்த டியூப் இல்லை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மருந்துக் களிம்பு. "அக்கா, இது போட்டா ஒரு வாரத்துல கலர் வருது" என்று ஒரு பெண் காட்டினாள். டியூபில் இருந்த பெயர்கள்: ஹைட்ரோகுயினோன், டிரெடினோயின், மொமெட்டாசோன். மங்கு வந்தவர்களுக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுப்பது. மொமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், ரத்தக் குழாய் வெளியே தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும், எரிச்சல் தாங்காமல் திரும்பவும் பூசுவார்கள். அந்த மெலிந்த தோலோடு அவள் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் வெயிலில் நிற்கிறாள். ஏசி அறையில் இருப்பவளுக்கும் இவளுக்கும் ஒரே களிம்பு, ஒரே கேடு இல்லை.

2018இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று அட்டவணை எச்-இல் சேர்த்தது. கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், சீட்டு கேட்கிறார்களா என்று. பெயரே இல்லாத டப்பாக்கள் இன்னும் மோசம், அவற்றில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது.

இந்த இடத்தில்தான் நம் முற்போக்குத் தோழர்களோடு எனக்குச் சண்டை. "மேக்கப் எல்லாம் நுகர்வு வெறி, இயற்கையாக இரு" என்று சேரிப் பெண்ணுக்குப் பாடம் எடுக்கிறார்கள். யாரிடம் சொல்கிறீர்கள்? பூவும் ரவிக்கையும் மறுக்கப்பட்டவளின் பேத்தியிடமா? 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் என்ன சொன்னார்? தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் புடவைக் கட்டை மாற்றுங்கள், அந்தக் கனத்த வெள்ளி நகைகளைக் கழற்றுங்கள் என்றார். அவருக்கு உடை அற்ப விஷயமாகப் படவில்லை. நம் பெண் லிப்ஸ்டிக் போடட்டும், தலை நிறையப் பூ வைக்கட்டும், கூலிங் கிளாஸ் மாட்டட்டும். அலங்காரம் அவள் முகத்தின் மேல் ஏறுவது, கழுவினால் போய்விடும். அந்தக் களிம்பு கேட்பது முகத்தையே. இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் கண்டிப்பது படித்தவர்களின் சோம்பேறித்தனம்.

அதேபோல் "கறுப்பே அழகு" என்று ஸ்டேட்டஸ் வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் எனக்குப் போதாது. அமெரிக்கக் கறுப்பர்கள் 1960களில் அந்த முழக்கத்தை எழுப்பியபோது கூடவே வேலை, வாக்கு, பள்ளி கேட்டார்கள். இங்கே ஜவுளிக்கடையில் சிவந்த பெண் கவுண்டரில், கறுத்த பெண் குடோனில். "நல்ல தோற்றம் அவசியம்" என்று வேலை விளம்பரம். கறுத்த மகளுக்கு இரண்டு பவுன் கூடுதல். இவ்வளவையும் அப்படியே வைத்துக்கொண்டு அவளிடம் மட்டும் தன்னம்பிக்கை கேட்டால் எப்படி? அவள் முட்டாள் இல்லை. கணக்குப் போட்டுத்தான் களிம்பு வாங்குகிறாள்.

விழிதியூரில் குழுக் கூட்டத்துக்கு வரும் பெண்களிடம் வீட்டில் இருக்கும் டியூப்பைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கம் இருக்கும் பெயரை உரக்க வாசிக்கிறோம். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்: இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மூன்றும் ஸ்டீராய்டு. பெயர் இருந்தால் சட்டென்று நிறுத்தாமல் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய கடையில் பில் கேளுங்கள். சீட்டில்லாமல் கொடுத்திருந்தால் அந்தப் பில்லோடு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனு எழுதலாம். கல்லூரி விடுதியில் இருப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். அலமாரியைத் திறந்தால் தெரியும்.