சுகாதாரம் கற்பிப்பவர் யார்?

எமது பாடசாலைகளின் நேரசூசியைப் பார்ப்போர், 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்னும் பாடம் அதில் இடம்பெற்றிருப்பதைக் கண்டு மகிழ்வர். நேரசூசியோடு நின்றுவிடாது வகுப்பறைக்குட் புகுந்து பார்ப்போருக்கு அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைப்பதில்லை. பல பாடசாலைகளில் அப்பாடவேளை, எவர்க்கு நேரம் எஞ்சியிருக்கின்றதோ அவர்க்கு ஒப்படைக்கப்படுகின்றது. உடற்கல்வி ஆசிரியர் உள்ள இடத்தில், இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் மாதங்களிற் சுகாதாரம் மைதானத்திற் கரைந்துபோகின்றது. அவர் இல்லாத இடத்திற் சித்திர ஆசிரியரோ சமய ஆசிரியரோ பாடநூலை வாசித்துக் குறிப்புச் சொல்ல, மாணாக்கர் எழுதிக்கொள்கின்றனர். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் விரும்பியோர் தெரிந்தெடுக்கும் பாடங்களுள் ஒன்றாக இருத்தலின், எளிதிற் புள்ளி பெறத்தக்க பாடம் என்னும் பெயரும் அதற்கு வாய்த்துவிட்டது. இக்குறையைப் பாடசாலையிலே தேடுவதிற் பயனில்லை. ஆசிரியரை உருவாக்கும் கல்லூரியிலேதான் அது தொடங்குகின்றது என்பது எமது துணிபு.

மருந்து மட்டும் மக்களை நோயினின்று மீட்காது என்பதை இந்நாடு நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டது. 1916 ஆம் ஆண்டிலே மாத்தளைப் பகுதியில் றொக்பெல்லர் நிறுவனத்தாரின் உதவியோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கப்பெற்றது. தோட்டத் தொழிலாளர்க்கு மருந்து கொடுத்தனர், புழு வெளியேறிற்று. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில், வெறுங்காலோடு நடந்த மக்களை அதே புழு மீண்டும் பற்றிக்கொண்டது. சுகாதார வசதியும் சுகாதார அறிவும் சேர்ந்து செல்லாவிடின் மருந்து வீண் என்பது புலனாயிற்று. 1926 இற் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம். இன்று ஊர்தோறும் நாம் காணும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் அந்த வழிவந்தவர்களே. அவர்களுடைய பணிக்குப் பக்கத்துணையாய் நிற்கவேண்டிய ஆசிரியரை மாத்திரம் நாம் இன்னும் ஆயத்தஞ் செய்யவில்லை.

நுளம்பை எடுத்துக்கொள்வோம். 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றித் தேங்கிய குட்டைகளிற் பெருகிய நுளம்புகளாற் பரவிய மலேரியா, அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. பின்னர் அரசாங்கம் மருந்து தெளிப்போரை வீடுதோறும் அனுப்பிற்று. பல்லாண்டு முயற்சியின் பயனாக, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்று வழங்கிற்று. அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளரவல்ல புதியதொரு மலேரியா நுளம்பு மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே, 2017 இல், டெங்குக் காய்ச்சல் ஓர் இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. டெங்கு நுளம்பு ஆற்றங்கரையில் இல்லை. பூச்சாடித் தட்டிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும், வேலியோரத்துச் சிரட்டையிலும் இருக்கின்றது. அங்கெல்லாம் கிழமைதோறும் அரசாங்கம் வந்து பார்க்க இயலாது. வீட்டில் உள்ளவரே பார்த்தல் வேண்டும்.

ஈண்டுதான் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கும் குறிப்புச் சொல்லும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு தெரிகின்றது. "தேங்கிய நீரை அகற்றுக" எனப் பின்னவர் சொல்வார். மாணவனும் அவ்வாறே பரீட்சையில் எழுதுவான். டெங்கு நுளம்பு நீரின் மேலன்றி, நீர்மட்டத்தைச் சற்றே கடந்த ஈரச் சுவரிலேயே முட்டையிடுகின்றது என்பதை முன்னவர் அறிவார். அம்முட்டை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும் அழியாது. நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டி நீரை ஊற்றிவிட்டாற் போதாது; உட்சுவரைத் தும்பு கொண்டு உரஞ்சிக் கழுவுதல் வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை அளவிற் செல்வதனாலேயே கிழமைக்கொரு முறை என்கின்றோம். காரணம் அறிந்த பிள்ளை வீட்டிற் சென்று தாயாரோடு வாதாடும். காரணம் அறியாத பிள்ளை கொப்பியை மூடிவைக்கும்.

தேசிய கல்வியியற் கல்லூரிகளின் பாடநெறி மூன்று ஆண்டுகள். இரண்டாண்டு கல்லூரியிலும், ஓராண்டு பாடசாலையிற் கட்டுறுப்பயில்விலும் கழிகின்றன. நல்ல அமைப்பே. எனினும் சுகாதாரங் கற்பித்தல் அதனைச் சிறப்புப் பாடமாகக் கொண்டோரின் தொழில் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. கணிதமோ தமிழோ ஆரம்பக் கல்வியோ பயில வந்த ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் இதிற் பயிற்சி பெறுதல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். அப்பயிற்சியும் விரிவுரையாய் இருத்தல் ஆகாது. ஒரு தவணையிற் கிழமைக்கு ஒரு நாளேனும் அவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையோடு இணைந்திருக்கட்டும். பரிசோதகரோடு தெருத்தெருவாகச் சென்று கிணற்றையும் மலக்குழியையும் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடாகக் கழிவு எத்துணை எளிதிற் கிணற்று நீரை அடையும் என்பதை நேரிற் கண்டவர், கொதித்தாறிய நீரைப் பற்றி உறக்கம் வரப் பேசமாட்டார். ஒன்று, நான்கு, ஏழு, பத்து ஆகிய தரங்களில் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதோடு ஆசிரியர் கடமை முடிந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். கரும்பலகை தெரியாமையாற் குழப்படி செய்யும் பிள்ளையையும், காது கேளாமையால் 'மொக்கன்' எனப் பெயர் எடுத்த பிள்ளையையும் வருடம் முழுதும் கண்முன்னே வைத்திருப்பவர் ஆசிரியரன்றோ! வைத்தியர் அப்பிள்ளையைக் காண்பது சில நிமிடங்களே.

மற்றொரு பயிற்சியும் வேண்டும். அது வாயைத் திறக்கும் பயிற்சி. பருவமடைதல், மாதவிடாய், இனப்பெருக்கம் என்னும் பாடங்கள் வரும்போது, "இதை வீட்டில் வாசியுங்கள்" என்று பக்கம் புரட்டும் வழக்கம் எமது பாடசாலைகளில் ஊறிப்போயிருக்கின்றது. ஆசிரியரை மட்டும் நோவதிற் பயனில்லை. அச்சொற்களை நாற்பது பிள்ளைகளின் முன் நின்று, நாணாமலும் நகையாமலும் சொல்வதற்கு அவர்க்கு எவரும் பழக்கவில்லை. தமிழிற் சொல்லில்லை என்பார் மானிப்பாயை நினைக்கட்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அந்நியர் ஒருவர் அன்று தேடி எடுத்த சொற்களை இன்று நாம் உச்சரிக்கக் கூசுகின்றோம். இவற்றைக் கற்பித்தாற் பிள்ளைகள் கெடுவர் என அஞ்சும் பெற்றோரின் கவலையை யாம் இகழவில்லை. ஆயின் ஆசிரியர் சொல்லாது விட்டதைக் கைத்தொலைபேசி சொல்லும். அதன் ஒழுக்கத்துக்கு யார் பிணை? போதைப்பொருளின் காரியமும் இத்தகையதே. பயமுறுத்தும் படங்களைக் காட்டிவிட்டுப் போகும் ஒரு மணிநேரச் சொற்பொழிவு அடுத்த நாளே மறக்கப்படும். நண்பன் நீட்டும்போது எவ்வாறு மறுப்பது என்பதைப் பிள்ளை நடித்துப் பழகல் வேண்டும்; அதை நடத்தும் முறையை ஆசிரியர் முன்னரே பயின்றிருத்தல் வேண்டும்.

ஆசிரியர்க்குச் சுமை ஏலவே மிகுதி என்பார் சொல்லில் உண்மை உண்டு. கல்வியியற் கல்லூரிகளில் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் கோட்பாட்டுப் பகுதிகளிற் சிலவற்றைக் குறைத்தேனும் இதற்கு இடங்காணலாம். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைப் பிழையின்றி ஒப்புவித்த மாணவன் இடைவேளையில் இனிப்புப் பானம் வாங்கி அருந்துகின்றான். 2016 ஆம் ஆண்டு தொடக்கம் அப்போத்தல்களிற் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என நிறக்குறி இடப்படல் வேண்டுமென விதியுண்டு. ஒரு போத்தலை மேசைமீது வைத்து, அதிலுள்ள சீனியைத் தேக்கரண்டியால் அளந்து காட்டக் கணித ஆசிரியர்க்கு ஐந்து நிமிடம் போதும். நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவரும் எம்மூரில் அது வீண்போன ஐந்து நிமிடமாகாது.

விழாக் கொண்டாடும் பழைய மாணவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எம்முள் வைத்தியர் பலர். ஓய்வுபெற்ற சுகாதார உத்தியோகத்தரும் உளர். அவர்கள் பரிசளிப்பு விழாவில் மாணவருக்கு உரையாற்றுவதினும், கோப்பாயிற் பயிலும் ஆசிரிய மாணவரோடு மாதம் ஒரு பிற்பகலைக் கழிப்பார்களாயின், ஒருவர் சொல்வது நூறு வகுப்பறைகளைச் சென்றடையும். கட்டுறுப்பயில்வுக்கு எமது கல்லூரிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் சுகாதாரப் பாடவேளைகளை நம்பி ஒப்படைக்குமாறு அதிபரையும் வேண்டுகின்றோம். நிதி சேர்ப்போர்க்கும் ஒன்று சொல்லலாம். கை கழுவும் பாடத்தை எத்துணைத் திறமையாக ஓர் ஆசிரியர் நடத்தினும், மணியடித்ததும் பிள்ளை ஓடிச்செல்லும் குழாயில் நீர் வருதல் வேண்டும். பார்வையாளர் மண்டபத்துக்கு அடுத்த மாடி எழுப்புவதற்கு முன்னர், மலசலகூடங்களுக்கு நீர்த்தாங்கியும், கதவுகளுக்குத் தாழ்ப்பாளும், குழாயடியிற் சவர்க்காரமும் உண்டா என்பதைச் சங்கத்தின் செயற்குழுவினர் ஒருமுறை நடந்து சென்று பார்த்துவருவார்களாக.