தறிக்கூடத்தில் கணிப்பொறி

நெசவாளர் சங்கங்களில் கணிப்பொறி நுழைந்து நெடுங்காலமாகிவிட்டது. நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, பங்குத் தொகை ஆகிய கணக்குகள் மட்டுமல்ல. சேலைக் கரையின் பூவேலையைத் திரையில் வரைந்து ஜக்கார்டு அட்டைக்குப் பக்குவப்படுத்துவதும் பல இடங்களில் அதன் வாயிலாகவே நடைபெறுகிறது. ஆயினும் அதனை எங்கே வைப்பது என்னும் விஷயத்தில் நிர்வாகக் கமிட்டிகள் சில காட்டும் அலட்சியம் பெரிது. தறிக்கூடத்தின் மூலையில் ஒரு மேஜையைப் போட்டு, அதன்மேல் இருத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கத்தினர்களின் பணத்தில் வாங்கிய பொருளன்றோ அது!

நம் கூடத்துத் தூசி வீதிப் புழுதி போன்றதன்று. நூலிலிருந்து உதிரும் பஞ்சிழையும், பாவுக்கு இட்ட கஞ்சி உலர்ந்து உதிரும் மாவும் கலந்தது அது. கணிப்பொறியோ தன் சூட்டைத் தணித்துக்கொள்ள விசிறியால் காற்றை உள்ளிழுக்கிறது. அக்காற்றோடு சென்ற பஞ்சு, விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளுக்கும் இடையே கம்பளி விரித்தாற்போல் படிந்துவிடுகிறது. பிறகு காற்றுக்கு வழி ஏது? உள்ளிருக்கும் முக்கியச் சில்லு, பலவற்றில் சுமார் 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கியதும், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிடில் பொறி அணைந்துபோகும். உடனே, "பொறி பழுதாயிற்று, புதிது வாங்குவோம்" என்கிறோம். அன்றியும், இழை அறாமலிருக்க நாம் கூடத்தில் ஈரப்பதத்தை வேண்டுகிறோம். பஞ்சு அவ்வீரத்தை உறிஞ்சி மின்தடங்களின்மேல் ஒட்டிக்கொண்டால் அரிப்பும் மின்கசிவும் உண்டாகும்.

என் அபிப்பிராயம் இதுதான்: விலையுயர்ந்த பொறியைவிடக் கதவுள்ள ஒரு சிறு அறையே முதலில் வேண்டுவது. கணக்குப் பொறியும் வரைபடப் பொறியும் தறியின் அருகே இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மின்னணு ஜக்கார்டை இயக்கும் பொறி அருகில் இருந்தே தீரவேண்டுமெனில், விசிறியில்லாத, மூடிய பெட்டியுடையதை வாங்கலாம். பெட்டியின்மீது ஐபி 65 என்று குறித்திருந்தால், முதல் இலக்கமாகிய 6 தூசி உட்புகாது என்பதைக் குறிக்கும். அதற்கும் வெளிப்புறத் தகடுகளில் படியும் பஞ்சைத் தூரிகையால் நீக்கவேண்டும்.

வடிகட்டிப் பஞ்சு பொருத்துவது நல்லதே. ஆனால் கழுவாத வடிகட்டி, வடிகட்டி இல்லாமையினும் கேடானது, காற்றையே அடைத்துவிடும். பொறி ஓடும்போதே பிளாஸ்டிக் உறை போட்டு மூடுகிறவர்களும் உண்டு. பக்தி மிகுதியால் விக்கிரகத்தை மூச்சுத்திணற வைப்பதை ஒக்கும் அது! உறை, பொறி அணைந்து ஆறிய பின்னரே ஆகும்.

சுத்தம் செய்யுங்கால் மின்தொடர்பை அறவே நீக்கவேண்டும். விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலும் கைத்துருத்தியாலும் துடைத்து ஊதினால் போதும். பட்டறைக் கம்ப்ரெஸர் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்து வருமாதலால் அதனைத் தவிர்க்க. இப்பணியை "எல்லோரும்" பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பாரார். ஒரு சிப்பந்தியின் பெயரைத் தீர்மானத்தில் எழுதி, மாதந்தோறும் நாள் குறித்துக் கையொப்பம் பெறவேண்டும். கணக்கின் பிரதி ஒன்று வேறிடத்தில் இருப்பதும் அவரது பொறுப்பாகட்டும். நெல், பருத்திக் கிடங்குகளில் பொறி வைத்துள்ள விளைபொருள் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

தறிக்கும் இப்பொறிக்கும் உறவு புதிதன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டளவில் ஜக்கார்டு அமைத்த துளையட்டை முறையையே, பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தமது கணக்குப் பொறித் திட்டத்தில் கைக்கொண்டார்.

இன்னொன்றும் கூறவேண்டும். பஞ்சுத் தூசியை நெடுங்காலம் சுவாசிப்பவர்க்குப் பிஸினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருவதுண்டு. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவது அதன் அடையாளம். பஞ்சு பிரிக்கும், சிக்கெடுக்கும் ஆலைப் பகுதிகளில் இது மிகுதியெனினும், தறிக்கூடத்தார் அஞ்சவேண்டாதது என்று சொல்வதற்கில்லை. ஆதலால் பொறிக்கு அறை கேட்டு எழுதும் அதே தீர்மானத்தில், கூடத்துக்கு ஒரு வெளியேற்று விசிறியும், உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் தரை துடைக்கும் ஏற்பாடும் சேர்த்து எழுதுமாறு கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறேன்.