வாள் வெல்லாத சிறு பூதம்

மைசூருவின் விஜயநகரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேரரக்கர் எவரெனச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமுண்டி மலைமீது ஒரு கையில் வாளும் மறு கையில் பாம்பும் ஏந்தி நிற்கும் மகிடாசுரன் சிலையை அவர்கள் கண்டிருப்பர். அவ்வசுரன் பெயராலேயே இந்நகர் பெயர் பெற்றது என்பர். ஆயினும், கற்பனைச் சாகச விளையாட்டுகளில் சிந்தனையை வளர்ப்பவர் பேரரக்கர் அல்லர். எவரும் பொருட்படுத்தாத சிறு பூதங்களே.

இவ்விளையாட்டை நான்கைந்து பேர் கூடி ஆடுவர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் எனப் பாத்திரம் ஏற்று, தாம் செய்ய விரும்புவதைக் கூறுவர். அது பலிக்குமா என்பதைப் பல வேளைகளில் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியாகும்.

பெயரிலேயே பறவைநாகத்தைக் கொண்ட அவ்விளையாட்டில் ஒரு விந்தையான சிறு விலங்கும் உண்டு. மலிவான நெகிழிப் பொம்மை ஒன்றைக் கண்டு கைகாக்ஸ் அதனைப் படைத்தார். அதன் உணர்கொம்பு பட்டால் இரும்பு துருப்பிடித்து உதிரும். அத்துருவே அதற்கு உணவு. மனிதரைத் தின்னும் நோக்கம் அதற்கில்லை. ஆனால் வாளோடு பாய்ந்த வீரன் வெறுங்கையோடு நிற்பான். இரும்பு ஆணிகள் சிலவற்றைத் தொலைவில் எறிந்தவனோ, அது அவற்றை நாடிச் செல்லும்போது வழி கடந்துவிடுவான். பறவைநாகத்தின் முன் வலிமை வேண்டும்; இச்சிறு விலங்கின் முன் அறிவு வேண்டும்.

இத்தகைய பூதங்களைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இரவில் மினுங்கும் கொள்ளிவாய்ப் பேயைப் பற்றிய கதைகள் உண்டு. சதுப்பு நிலத்தில் அழுகும் தாவரங்களிலிருந்து எழும் வாயு எரிவதே அவ்வொளி என அறிவியலார் விளக்குவர். விளையாட்டில் இதனைப் பயன்படுத்தினால், ஒளியைத் துரத்துபவன் சேற்றில் அமிழ்வான். பாதையை விட்டு விலகாதவன் பிழைப்பான். ஒரு வெட்டுக்கும் இடமில்லை. ஆயினும் அச்சமும் ஆராய்ச்சியும் குறைவதில்லை.

பழந்தமிழ்ப் புலவரும் இதனை உணர்ந்திருந்தனர். முதற் குலோத்துங்க சோழன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், ‘கலிங்கத்துப் பரணி’யில் பேய்களுக்குப் பெரிதும் இடமளித்தார். நொண்டிப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய் என ஒவ்வொன்றையும் தனித்துக் காட்டினார். போர்ச் செய்தியையே ஒரு பேய் காளியிடம் கூறுவதாக அமைத்தார். ஆகவே, சிறு பூதம் வெட்டுண்டு விழுவதற்கு மட்டும் உரியதன்று. அது செய்தி சொல்லலாம், வழி மறிக்கலாம், உதவியும் நாடலாம்.

பேய்க் கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றிலும் தவறன்று. இருளில் நடுங்கும் குழந்தையை மேலும் அச்சுறுத்துதல் கூடாது. ஆனால் விளையாட்டில் பேயை எதிர்கொள்ளும் பிள்ளை, அதன் இயல்பு யாது, அது எதற்கு அஞ்சும், எதனை விரும்பும் என வினவுகின்றது. வினவும் பழக்கம் மூடநம்பிக்கைக்குப் பகை, நட்பன்று.

இதில் மற்றொரு பயனும் உண்டு. வேற்று மாநிலத்தில் வளரும் பிள்ளைகள் அயல்நாட்டுப் பறவைநாகத்தை நன்கு அறிவர். தம் பாட்டி சிறுமியாய் இருந்தபோது அஞ்சிய பேயின் பெயரை அறியார். ஊருக்கு ஊர் வேறுபடும் அப்பெயர்களுள் பல எந்நூலிலும் ஏறாதவை. கேட்பார் இல்லையெனில் அவை பாட்டியோடு மறையும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் அதனைக் கேட்டறிதல் வேண்டும். அப்பேய் எங்கு உறையும், யாரை மறிக்கும், எவ்வாறு ஏமாறும் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, விஜயநகருக்குத் திரும்பியபின் நண்பரோடு ஆடும் கதையில் அதற்கு ஓரிடம் அளித்தல் வேண்டும். கன்னடம் பேசும் நண்பரும் தம் பாட்டியிடம் கேட்டு வருவர். அவ்வாறு கூடும் சிறு பூதங்கள், எப்பேரரக்கனும் தராத கதைகளைத் தரும்.