கொலைக்கு முன்னால் பட்டியல் வரும்

ருவாண்டா என்று வாயெடுத்தால் போதும், 'ரெண்டு இனம், காலங்காலமாப் பகை, வெட்டிக்கிட்டுச் செத்தானுங்க' என்று முடித்துவிடுகிறார்கள். படித்தவர்கள்தான் அதிகம் இப்படிப் பேசுகிறார்கள். 1994 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ 100 நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். இது வெறி பிடித்த கும்பலால் மட்டும் ஆகிற காரியமில்லை என்கிறேன் நான். வெறி ரெண்டு நாளில் களைத்துப்போகும். 100 நாள் ஓடுவதற்கு ஆபீஸ் வேணும், பட்டியல் வேணும், உத்தரவு போட அதிகாரி வேணும்.

ஹூட்டுக்கும் டுட்சிக்கும் ஒரே மொழி, ஒரே மலைச்சரிவில் வீடு, கொள்வினை கொடுப்பினையும் உண்டு. 1930களில் பெல்ஜியக் காலனி அரசு அடையாள அட்டை கொடுத்து அதில் இனத்தை எழுதியது. 1962இல் காலனி போனது, அட்டை போகவில்லை. 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் வெட்டினார்கள். 1990 டிசம்பரில் 'கங்குரா' பத்திரிகை ஹூட்டுகளுக்குப் பத்துக் கட்டளை அச்சிட்டது. 1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். வானொலி வந்தது. இளசுகளுக்குப் பிடித்த பாட்டாகப் போடும். நடுநடுவே டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்னும். கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலை'.

தோழர்களே, இனி சொல்வது நமக்குக் கசக்கும். 'டுட்சி ஆண்ட இனம்தானே, ஒடுக்கப்பட்ட பெரும்பான்மை திருப்பி அடிச்சதுதானே' என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். கொலைகாரனும் இதையேதான் சொன்னான். 1959 கிளர்ச்சியைச் சமூகப் புரட்சி என்றார்கள். பெரும்பான்மை மக்கள் ஆட்சி என்றார்கள். டுட்சி மேட்டுக்குடியைக் காலனி அரசு தூக்கிப் பிடித்தது மெய். ஆனால் 1994இல் செத்தது அந்த மேட்டுக்குடியா? மாடு மேய்த்தவன், வாத்தியார், பால்குடி மறக்காத பிள்ளை. பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா ஹூட்டுப் பெண். ஏப்ரல் 7 அன்றே அவரையும் கொன்றார்கள். ஆதாயம் அதிபரைச் சுற்றியிருந்த சின்னக் கூட்டத்துக்கு. ஏழை ஹூட்டுவுக்குக் கிடைத்தது கையில் ஒரு வெட்டுக்கத்தி. விடுதலையின் சொற்களைக் கொலைகாரனும் பேசுவான். ஆதிக்கத்தை ஒழிப்பது வேறு, பிறப்பைப் பார்த்து ஆளை ஒழிப்பது வேறு. இந்தக் கோட்டை அழிக்கிறவன் நம்ம ஆளே ஆனாலும் எதிரிதான்.

தடுக்க முடியாதா? முடியும். புட்டாரே மாகாணத்தின் ஆளுநர் ழான் பப்டிஸ்ட் ஹபியாலிமானா கொலைக்கு உடன்படவில்லை. நாடே ரத்தத்தில் கிடந்தபோது ஏறத்தாழ ரெண்டு வாரம் அங்கே பெருங்கொலை நடக்கவில்லை. அவரைப் பதவி நீக்கினார்கள். ஏப்ரல் 19இல் இடைக்கால அதிபர் நேரில் வந்து பேசினார். அப்புறம் அங்கேயும் வெட்டு விழுந்தது. 'காலங்காலமான பகை' ரெண்டு வாரம் எங்கே போய்ப் படுத்திருந்தது?

வெளியே இருந்தவர்களுக்கும் தெரியும். ஐ.நா. படைத் தலைவர் டலேர் 1994 ஜனவரி 11இலேயே, டுட்சிகளைப் பட்டியல் எடுக்கிறார்கள், ஆயுதம் பதுக்குகிறார்கள் என்று நியூயார்க்குக்குத் தந்தி கொடுத்தார். ஆயுதத்தைக் கைப்பற்ற அனுமதி மறுத்தார்கள். கொலை நடக்கும்போதே, ஏப்ரல் 21இல், சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டார்கள். வானொலியை முடக்க அமெரிக்கா மறுத்தது. தூண்டுவதே குற்றம் என்று 1948 உடன்படிக்கையில் எழுதிவைத்திருந்தும், அந்த வானொலிக்காரர்களுக்கும் கங்குரா ஆசிரியருக்கும் தீர்ப்பு வந்தது 2003இல்.

'எல்லாரும் அன்பா இருங்க' என்கிற உபதேசம் எனக்கு வேண்டாம். அன்பில்லாத ஊரிலும் கொலை நடக்காமல் இருக்கணும். மனுசனைப் பூச்சி என்று ஒருத்தன் எழுதும் அன்றைக்கே வழக்குப் போடணும். பத்துப் பேர் செத்த கொலைக்கே தண்டனை வாங்கணும். தப்பினவன் அடுத்து ஆயிரம் பேரைக் கொல்வான். இனம் பார்த்துப் பட்டியல் கேட்டால், எதுக்கு என்று கேட்டு மறுக்கிற குமாஸ்தா வேணும், அவன் வேலை போனால் அவனோடு நிற்கிற சங்கம் வேணும். ஹபியாலிமானா தனியாக நின்றார். அவரையும் கொன்றுவிட்டார்கள்.