மண் அரிதன்று, ஊர்தான் அரிது

மின்கார் முதல் கைத்தொலைபேசி வரை எதைப் பற்றிப் பேசினாலும் அருமண் உலோகங்களின் பெயர் வந்துவிடுகிறது. பெயரைக் கண்டு பொன்னினும் அரிய பொருளென எண்ணிவிட வேண்டாம். இவற்றுள் ஒன்றான சீரியம், பூமியின் மேலோட்டில் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கு உண்டு. அவற்றைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கழிவுக்கு இடங்கொடுக்கும் ஊர்தான் அரிது.

மலேசியாவின் ஈப்போ நகருக்கு அருகே உள்ள புக்கிட் மேரா அத்தகைய ஊராக ஆக்கப்பட்டது. வெள்ளீயச் சுரங்கங்களின் மிச்சத்தில் கிடைத்த மொனசைட்டிலிருந்து அருமண்களைப் பிரிக்கும் ஆலையொன்று 1982இல் அங்கு இயங்கத் தொடங்கியது. யப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதன் பங்காளி. மொனசைட்டில் தோரியம் உண்டு; அதன் அரைவாழ்வுக் காலம் 1,400 கோடி ஆண்டுகள். இவ்வளவு காலம் நீடிக்கும் கழிவை நிரந்தரமாக எங்கே வைப்பது என்று முடிவுசெய்யாமலே ஆலையைத் திறந்தார்கள்! பாப்பான் என்னும் சிற்றூரின் அருகே புதைக்க முயன்றபோது மக்கள் மறித்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1987இல் போராட்டக்காரர் சிலர் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் கம்பனி தானாகவே கடையைக் கட்டியது. ஊரவர் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதாகப் பதிவாயிற்று. ஆலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது கம்பனி. தொடர்பில்லாத இடத்தைத் துப்புரவாக்கப் பின்னர் சுமார் 10 கோடி டொலர் செலவாயிற்று.

பாடம் படித்தார்களா? 2012இல் குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் ஆலை தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டு வரிவிலக்கு முன்னரே தயாராக இருந்தது. நிரந்தரக் கழிவுக் கிடங்கு இருக்கவில்லை. தாது மேற்கு அவுஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து கடல்கடந்து வந்தது. கதிரியக்கக் கழிவைத் திருப்பி அனுப்பும் பேச்சு எழுந்தபோது, 2019இல் அம்மாநில அரசு ஏற்க மறுத்துவிட்டது. ஆபத்தற்றதெனில் ஏன் மறுக்க வேண்டும்?

காற்றாலைக்கும் மின்காருக்கும் இவ்வுலோகங்கள் தேவை என்பார்கள். தேவைதான், நான் மறுக்கவில்லை. கழிவுக் கிடங்கைக் கட்டி முடித்தபின் ஆலைக்கு அனுமதி கொடுங்கள். அந்தச் செலவை உலோகத்தின் விலையில் சேருங்கள். அப்போது விலை ஏறும். வாங்குபவன் கொடுக்கட்டும். இதுவரை கொடுத்தவர்கள் புக்கிட் மேரா மக்கள்.

செய்தி மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கம்பனியின் பங்கு விலை வணிகப் பக்கத்தில் நாள்தோறும் வரும். ஊராரின் முறைப்பாடு இடமிருந்தால் உள்பக்கத்தில் வரும். 2025 ஒக்டோபரில் அரிய கனிமங்கள் குறித்து அமெரிக்காவும் மலேசியாவும் கோலாலம்பூரில் உடன்பாடு கண்டன. அன்று நான் படித்த செய்திகளில் விநியோகச் சங்கிலி உண்டு, முதலீடு உண்டு, சீனா உண்டு. கழிவு எங்கே போகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.